58 வரைபடங்கள், ஒரு படகு: ஃபோக்போட்டின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னப் பாய்மரப் படகைப் பற்றி. நீளம் 25 அடி, அகலம் 7 அடிக்குக் கொஞ்சம் மேல. ஸ்வீடன்ல பிறந்தது. பேர் ஃபோக்போட், அதாவது மக்கள் படகு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் பாய்மரப் படகு ஓட்டினதே கிடையாது. மெரினாவில் கரையில் நின்று சுண்டல் சாப்பிட்டதோடு சரி. இந்தப் படகு மேல ஆர்வம் வந்தது என் வேலை வழியாகத்தான். சாஃப்ட்வேர்காரங்ககிட்ட போய் "இது கமிட்டி போட்டு டிசைன் பண்ணது மாதிரி இருக்கு"ன்னு சொன்னால் அது பாராட்டு இல்லை, திட்டு. பத்து பேர் சேர்ந்து அடிச்சா பாம்பு சாகாதுன்னு நம்ம பாட்டிகள் சொன்னதும் அதேதான். ஆனால் இந்தப் படகு கமிட்டி போட்டு உருவானது. 80 வருஷம் தாண்டியும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, புதுசாகவும் கட்டறாங்க. அப்போ அந்தப் பாம்பை அடிச்சது யாரு? இந்த எபிசோடோட கேள்வி அதுதான்.

இரண்டு வார விடுமுறை

1930-களின் ஸ்வீடனில் இருந்து ஆரம்பிக்கலாம். அந்த நாட்டின் அரசியலில் அப்போது அடிக்கடி காதில் விழுந்த சொல் "மக்களின் வீடு". நாடு என்பது ஒரு நல்ல குடும்பம் மாதிரி இருக்கணும், அதில் செல்லப்பிள்ளையும் கிடையாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கிடையாது என்ற எண்ணம். 1928-ல் பெர் அல்பின் ஹான்சன் அதை ஒரு நாடாளுமன்ற உரையில் பேசினார். சில வருஷத்தில் அவரே பிரதமரும் ஆனார். 1938-ல் ஒரு சட்டம் வந்தது. வேலை செய்கிற எல்லாருக்கும் வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோட விடுமுறை.

சரி, விடுமுறை கிடைச்சாச்சு. ஸ்டாக்ஹோமைச் சுற்றி ஆயிரக்கணக்கான தீவுகள். மேற்கே கோதன்பர்க் பக்கமும் அப்படித்தான், பாறைத் தீவுகள். கோடையில் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குடும்பத்தோட ஒரு படகில் ஏறி, தீவு தீவாகப் போய், ராத்திரி அதிலேயே தூங்கலாம். பிரச்சினை, படகு. அப்போது அங்கே புகழ்பெற்றவை தீவுக்கூட்டப் படகுகள் எனப்பட்ட நீளமான, ஒல்லியான, அழகான படகுகள். பாய் இத்தனை சதுர மீட்டர் என்று மட்டும் 1908-ல் விதி போட்டார்கள். விதியில் பாய்க்குத்தான் வரம்பு. அதனால் வடிவமைப்பாளர்கள் அதே பாய்க்கு படகை இன்னும் நீளமாக, இன்னும் ஒல்லியாக இழுத்துக்கொண்டே போனார்கள். நம்ம தொழிலில் இதை நல்லாப் பார்த்திருக்கோம். எதை அளக்கிறோமோ அதை மட்டும் ஜெயிச்சுட்டு, அளக்காததை எல்லாம் கோட்டை விட்டுடுவோம். இங்கே அளக்காமல் விட்டது விலையும் உள்ளே இருக்கிற இடமும்.

அதனால் ஸ்காண்டிநேவிய நாடுகளின் படகோட்டச் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு 1941-ல் ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்தியது. இதைத் தள்ளிவிட்டவர்களில் முக்கியமானவர் ஸ்வென் சாலன் என்ற கப்பல் கம்பெனி முதலாளி, அவரே பெரிய பந்தயப் படகோட்டியும்கூட. நேரத்தைக் கவனியுங்க. டென்மார்க்கும் நார்வேயும் ஜெர்மனியின் பிடியில். ஃபின்லாந்து போரில். ஸ்வீடன் மட்டும் நடுநிலை. சுற்றிலும் பற்றி எரியும்போது, சண்டை முடிஞ்ச பிறகு சாதாரண மனுஷன் ஞாயிற்றுக்கிழமை எதில் கடலுக்குப் போவான் என்று யோசித்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

கேட்டது என்னன்னா: விலை குறைவாக இருக்கணும். கைதேர்ந்தவர் இல்லாத ஆளும் ஓட்டணும். குடும்பம் வார இறுதியில் தங்கணும். நல்ல கடலைத் தாங்கணும். எல்லாம் ஒரே மாதிரி இருந்து பந்தயமும் விடணும். 58 வரைபடங்கள் வந்தன. நடுவர்கள் பார்த்தார்கள். இதுதான் என்று கைகாட்ட ஒன்றுகூட இல்லை. ஜாக் இவெர்சன் என்ற ஸ்வீடன்காரர் வரைந்ததில் சில நல்ல விஷயம், க்னுட் ஓல்சன் என்ற டென்மார்க்காரர் வரைந்ததில் வேறு சில. முழுசாக எதுவும் தேறவில்லை.

இந்த இடத்தில் சாதாரணமாக என்ன நடக்கும்? போட்டி ரத்து. இல்லைன்னா சுமாரான ஒன்றுக்குப் பரிசு கொடுத்து கையைக் கழுவிடுவாங்க. இவங்க மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். முன்னணியில் வந்தவற்றின் நல்ல அம்சங்களை எடுத்து ஒரே படகாக வரைந்து கொடுங்க என்று டோர்ட் சுண்டேன் என்பவரிடம் கொடுத்தார்கள். அவர் வரைந்தார். 1942 ஏப்ரலில் கோதன்பர்க்கில் முதல் படகு தண்ணீரில் இறங்கியது.

தலையாட்டி பொம்மையும் கூரை ஓடும்

இப்போ படகுக்குள் போகலாம். கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கோங்க.

நீளம் 7.68 மீட்டர். ஆனால் தண்ணீரைத் தொடுகிற நீளம் 6 மீட்டர்தான். அகலம் 2.20. தண்ணீருக்கு அடியில் 1.20 மீட்டர் இறங்கியிருக்கும். மொத்த எடை 1,930 கிலோ, ஏறக்குறைய ஒரு இன்னோவா கார். இந்த 1,930-ல் பாதிக்கு மேல், ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஒரே ஒரு வார்ப்பிரும்புத் துண்டு. அது படகின் அடியில், கீலில் உட்கார்ந்திருக்கு. கீல்னா படகின் முதுகெலும்பு. வள்ளம் கட்டுகிறவர்கள் ஏரா என்று சொல்வது.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை நினைச்சுக்கோங்க. எப்படிச் சாய்ச்சாலும் எழுந்து நிற்கும், ஏன்னா கனமெல்லாம் அடியில். காற்று பாயைத் தள்ளும்போது ஃபோக்போட் சாயும். சாயச் சாய, அடியில் இருக்கிற அந்த இரும்பு பக்கவாட்டில் வெளியே போகும், திரும்ப இழுக்கும் வலுவும் கூடிக்கொண்டே போகும். அதனால் மற்ற சின்னப் படகுகள் பாயைச் சுருட்டிக் குறைக்கிற காற்றிலும் இது முழுப் பாயோடு போகும். ஈயம் போட்டிருந்தால் இன்னும் நல்லது, அதே எடை குறைந்த இடத்தில் அடங்கும். ஆனால் இரும்பு மலிவு. விலைப்பட்டியல் கடலுக்கு அடியிலும் வேலை செஞ்சிருக்கு.

அந்தக் கீல் இன்னொரு வேலையும் செய்யுது. அது நீளமானது, படகின் அடியில் பெரும்பகுதிக்கு ஓடி, பின்னால் சரிவாக எழுகிற சுக்கானில் போய் முடியும். பக்கவாட்டில் காற்று தள்ளினாலும் படகு நண்டு மாதிரி பக்கமாக நகராமல் முன்னால் போக வைப்பது இந்தச் சுவர்தான். நீளமாக இருப்பதால் படகு நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். சுக்கானைக் கொஞ்ச நேரம் கட்டிவிட்டு சாண்ட்விச் சாப்பிடலாம். இதுக்கு விலையும் உண்டு. சட்டென்று திரும்பாது. குறுகலான படகுத்துறையில் மோட்டாரைப் போட்டு ரிவர்ஸ் எடுத்தால் படகு தன் இஷ்டத்துக்குத்தான் போகும். இன்றைய படகுகளின் குட்டையான, துடுப்பு மாதிரியான கீலோடு ஒப்பிட்டால் இது லாரி, அது பைக். ஆனால் வழியில் புயல் பிடிச்சால், குழந்தைகள் உள்ளே தூங்கினால், எதில் இருக்க ஆசைப்படுவீங்க?

வேகம்? இந்த மாதிரிப் படகு ஓடும்போது தானே ஒரு அலையை உண்டாக்கும். அந்த அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டிவிட்டால், அதற்கு மேல் வேகம் வேணும்னா தன் அலையிலேயே தான் மேடேறணும். 6 மீட்டர் நீர்க்கோட்டுக்கு அந்த எல்லை கிட்டத்தட்ட 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்கூட இல்லை. இங்கேதான் ஒரு நல்ல தந்திரம் இருக்கு. முன்னும் பின்னும் படகு தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கு இல்லையா? சாயும்போது அந்தப் பகுதிகளும் கொஞ்சம் தண்ணீரைத் தொடும். அப்போ நீர்க்கோடு நீளும், எல்லையும் கொஞ்சம் நகரும்.

பாய் 24 சதுர மீட்டர். பதினாறுக்குப் பதினாறு அடி அறையின் தரை அளவு. இதில் பெரிய பாய் 17, முன்பாய் 7. முன்பாயை இழுத்துக் கட்டும் கம்பி பாய்மரத்தின் உச்சி வரை போகாது, முக்கால் உயரத்தில் நின்றுவிடும். காரணம் ஆள்பலம். காற்றுக்கு எதிராகப் போகும்போது படகு நேராகப் போக முடியாது, இடதும் வலதுமாக வளைந்து வளைந்து ஏறணும். ஒவ்வொரு வளைவிலும் முன்பாயை ஒரு பக்கம் அவிழ்த்து மறுபக்கம் இழுக்கணும். முன்பாய் சின்னதாக இருந்தால் பன்னிரண்டு வயசுப் பிள்ளையும் இழுக்கும். பெரிய பாய் பெரும்பாலும் தானே மறுபக்கம் போய்விடும்.

உடம்பு கட்டின விதம் இன்னும் அழகு. பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டாமல், கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார வைத்து, செம்பு ஆணியால் பிணைப்பது. வைக்கிங் காலத்தில் இருந்து அந்தக் கடற்கரைகளில் இருக்கிற முறை. எந்தச் சின்ன ஊர்த் தச்சருக்கும் தெரியும். பெரிய பட்டறை வேண்டாம், புதுக் கருவி வேண்டாம். மக்கள் படகு என்றால் மக்களில் ஒருவர் கட்டவும் முடியணும், இல்லையா?

குறை? உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டு பேர் வசதியாக, நாலு பேர் நெருக்கியடித்துத் தூங்கலாம். பக்கச்சுவர் உயரம் குறைவு என்பதால் அலை எதிர்த்தால் நனைவீங்க. யாரும் இதை மறைக்கவில்லை. கேட்ட பட்டியலில் "நிமிர்ந்து நிற்கணும்" என்பது இல்லை.

கரையோரப் படகு கடலைக் கடந்தது

இது கரையோரம் சுற்ற வரைந்த படகு. ஆனால் நல்ல அஸ்திவாரம் என்றால் ஜனங்கள் அதன் மேல் மாடி கட்டிவிடுவார்கள்.

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பிளாண்டி ஹாஸ்லர். 1942 டிசம்பரில், முதல் ஃபோக்போட் இறங்கின அதே வருஷம், பத்து பேர் சின்ன மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டு போர்டோ துறைமுகத்தில் ஜெர்மன் ஆதரவுக் கப்பல்களில் வெடி வைக்கக் கிளம்பினார்கள் இல்லையா, அந்தக் குழுவின் தலைவர். பத்தில் உயிரோடு திரும்பினது இரண்டே பேர், அவரும் ஒருவர். அவர் 1953-ல் ஃபோக்போட் உருவத்தை வைத்து ஒரு படகு கட்டினார், பேர் ஜெஸ்டர். மேல்தளத்தை மூடி நடுவில் வட்டமான திறப்பு வைத்தார். சீனப் படகுகளில் இருக்கும் மூங்கில்பட்டை வைத்த மடிப்புப் பாய் மாதிரி ஒன்றைப் போட்டார். காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பும் ஒரு கருவியையும் உருவாக்கினார். 1960-ல் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் பந்தயம், பிளிமத்தில் இருந்து நியூயார்க். யோசனையே ஹாஸ்லருடையது. போனது ஐந்து பேர். பிரான்சிஸ் சிசெஸ்டர் 40 நாளில் முதலாவது, அவர் படகு பெரியது. ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது. ஐந்து பேரில் வேல்ஸ்காரர் வால் ஹவெல்ஸ் ஓட்டியதும் ஒரு ஃபோக்போட்தான்.

1965-ல் ஷரன் சைட்ஸ் ஆடம்ஸ் என்ற பெண் கலிஃபோர்னியாவில் இருந்து ஹவாய்க்குத் தனியாக 39 நாளில் போனார். அதைச் செய்த முதல் பெண். அவர் போனதும் 25 அடி ஃபோக்போட்டில்.

இங்கிலாந்தில் ஜெரமி ராஜர்ஸும் டேவிட் சாட்லரும் 1960-களின் நடுவில் ஃபோக்போட்டில் இருந்து கான்டெஸா 26 என்ற கண்ணாடியிழைப் படகை உருவாக்கினார்கள். 1985-ல் 18 வயசு டானியா ஏபி நியூயார்க்கில் இருந்து அந்த வகைப் படகில் கிளம்பி, 1987-ல் உலகத்தைச் சுற்றி வந்து சேர்ந்தார்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். 1970-களில் ஃபோக்போட்டையே கண்ணாடியிழையில் வார்க்க ஆரம்பித்தார்கள். அச்சில் வார்ப்பதற்கு ஓடு மாதிரி அடுக்கு எதுவும் தேவையில்லை, வழவழன்னு செய்யலாம். ஆனால் செய்யவில்லை. மரப்படகில் இருந்தே அச்சு எடுத்து, பலகை பலகையாகத் தெரிகிற அந்தப் படிகளையும் அப்படியே வார்த்தார்கள். வழவழப்பாகச் செய்தால் புதுப் படகு ஜெயிச்சுடும், பழைய மரப்படகு வைத்திருப்பவர் பந்தயத்தில் நிற்க முடியாது. எடையும் அதே. அகலமான பலூன் பாய்க்கும் அனுமதி இல்லை, காசு உள்ளவன் பாய் வாங்கியே ஜெயிக்கக் கூடாது. பழைய வெர்ஷன் ஓட்டுகிறவரைக் கைவிடாத அப்டேட். நம்மில் எத்தனை பேர் அப்படி ஒன்று வெளியிட்டிருக்கோம்?

அப்போ யார் வடிவமைத்தது?

இப்போ ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். படகு பெரிய வெற்றி. ஆனால் அதிகாரபூர்வமாக அது கூட்டமைப்பின் படகு, போட்டியின் விளைவு. டோர்ட் சுண்டேன் வரைபடத்தை முடித்துக் கொடுத்தவர், அவ்வளவுதான். அவருக்கு இது நீண்ட கால மனக்கசப்பு. 1960-களில் அவர் கண்ணாடியிழைக்காகவே ஃபோக்போட்டை மாற்றி ஒரு படகு வரைந்தார். அதற்கு இன்டர்நேஷனல் ஃபோக்போட் என்று பேர், இன்று ஐ.எஃப். படகு என்கிறார்கள். 3,000-க்கு மேல் கட்டப்பட்டது. அதில் வடிவமைப்பாளர் என்று அவர் பேர் இருக்கு. 1999-ல் இறந்தார்.

எதிர்ப்பக்க வாதமும் நியாயம்தான். கூட்டமைப்பு சரியான கேள்வியைக் கேட்காவிட்டால் இந்தப் படகே இல்லை. இவெர்சனும் ஓல்சனும் மற்றவர்களும் வரையாவிட்டால் எடுத்துச் சேர்க்க எதுவும் இல்லை. எங்கேயோ பார்த்து எடுத்ததைச் சேர்த்தவனுக்கு எதுக்குப் பேர்?

இதற்கு என் பதில் கீலில் இருக்கு. ஒருத்தர் வரைபடத்தில் நல்ல பின்புறம், இன்னொருத்தர் வரைபடத்தில் நல்ல பாய் என்று வெட்டி ஒட்ட முடியாது. பாயின் தள்ளு ஒரு புள்ளியில் குவியும். தண்ணீருக்கு அடியில் கீலின் எதிர்ப்பு வேறொரு புள்ளியில் குவியும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான தூரத்தில் இல்லாவிட்டால் படகு ஓயாமல் ஒரு பக்கம் இழுக்கும், பிடிச்சிருக்கிறவர் கை கழன்றுவிடும். பாயை மாற்றினால் கீலை மாற்றணும், கீலை மாற்றினால் எடை மாறும், எடை மாறினால் நீர்க்கோடு மாறும். 58 பேரின் ஆசைகளை ஒரே கோட்டில் சமாதானப்படுத்தினது ஒரு கை, ஒரு பென்சில். சேர்ப்பது என்பதே வடிவமைப்பு. பத்து பேர் பாம்பைக் காட்டினார்கள், அடித்தது ஒருவர்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. நான் முன்னாடி வேலை செய்த ஒரு இடத்தில் நாலு டீம் ஒரே பிரச்சினைக்கு நாலு டிசைன் கொண்டு வந்தோம். எதுவும் முழுசாகத் தேறலை. என்னைவிட ஜூனியர் ஒருத்தர் உட்கார்ந்து, ஆறு வாரம், நாலையும் ஒன்றாக்கினார். இன்னும் ஓடுது அது. மேலே காட்ட ஸ்லைடு தயார் பண்ணினது நான்தான். கடைசி ஸ்லைடில் நாலு டீம் பேரையும் போட்டேன். அவர் எந்த டீமிலும் இல்லை, அதனால் அவர் பேர் வரலை. வேணும்னு விடலை. அவர் செஞ்சதை "மெர்ஜ் பண்ணினார்" என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன். அவர் ஒண்ணும் கேட்கலை. கொஞ்ச மாசத்தில் வேறு கம்பெனிக்குப் போயிட்டார்.

சுண்டேன் கதையைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி அவருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். என்ன எழுதினேன் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

ஜெஸ்டருக்கு என்ன ஆச்சு என்று சொல்லி முடிக்கிறேன். ஹாஸ்லருக்குப் பிறகு மைக் ரிச்சி அதை வாங்கி, வருஷக்கணக்கில் தனியாக அட்லாண்டிக்கில் ஓட்டினார். 1988-ல் நடுக்கடலில் பெரிய அலையில் உருண்டு அடிபட்டது. எழுபது வயது தாண்டின அவரைக் காப்பாற்றினார்கள், படகைக் கைவிட வேண்டியதாயிற்று. 1992-ல் அதே மாதிரி இன்னொரு ஜெஸ்டரைக் கட்டி இறக்கினார்கள். வரைபடம் இருந்தது, அதனால் முடிந்தது.

உங்க வேலையில் நாலு பேர் வேலையை ஒன்றாக்கித் தந்த ஒரு டோர்ட் சுண்டேன் இருந்தால், இந்த வாரம் அவர் பேரை எங்கேயாவது எழுதிப் போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.